செவ்வாய்க்கிழமைத் தேத்தண்ணிக்கடை: பரமட்டா ரீமைப் பற்றிக் கதைக்க யாழ்ப்பாணத்தில் ஓர் இடம்

யாழ்ப்பாணத்தில் றக்பி லீக் பார்க்க இடம் இருக்கிறதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இருக்கிறது, நல்ல இடம், கட்டாயம் போங்கள். திருநெல்வேலிச் சந்தையிலிருந்து பல்கலைக்கழகப் பக்கமாக வரும்போது ஒழுங்கைக்குள் திரும்பினால், முன்னால் கிடுகுப் பந்தல் போட்ட ஒரு தேத்தண்ணிக்கடை வரும். பெயர்ப்பலகை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, வாசல் தூணில் நீலமும் மஞ்சளுமாக ஒரு சின்னக் கொடி கட்டியிருக்கும், அதுதான் அடையாளம். உள்ளே ஆறேழு மேசை, பின்பக்கம் மாமர நிழலில் இன்னும் கொஞ்சக் கதிரைகள், சுவரில் ஒரு ரீவி. ஆனால் ரீவிக்காகப் போக வேண்டிய கடை இல்லை இது. ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து போனிலும் பார்க்கலாம். அவுஸ்திரேலிய றக்பி லீக்கில் விளையாடுகிற சிட்னிக் கழகமான பரமட்டாவின் ரீமில் யாரைப் போட வேண்டும், யாரை எடுக்க வேண்டும் என்று முறையாகச் சண்டை பிடிக்க ஓர் இடம் வேண்டுமே, அதற்குத்தான் இந்தக் கடை. அதை இவர்கள் செய்கிற மாதிரி வேறு எங்கும் நான் பார்க்கவில்லை.

அது என்ன இங்கே இருந்துகொண்டு பரமட்டா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். சிட்னியின் மேற்குப் பக்கம் முழுக்க எங்கள் சனம்தான். வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில், டூன்காபி என்று எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். மேய்ஸ் ஹில்லில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் பக்கத்து ஊர்தான் பரமட்டா, 2019 இல் திறந்த 30,000 பேர் இருக்கக்கூடிய ஸ்ரேடியமும் அங்கேதான். அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தே ஈல்ஸ் ஈல்ஸ் என்றுதான் வளருகிறார்கள், பரமட்டா ரீமுக்கு அதுதான் பெயர், பிறகு லீவுக்கு இங்கே வந்து நிற்கும்போது அம்மம்மா வீட்டிலும் அதையே கதைக்கிறார்கள், அப்படித்தான் இங்கேயும் தொற்றியது. கடைக்கார அண்ணையின் தங்கச்சி குடும்பமும் டூன்காபியில்தான். வாசலில் இருக்கிற கொடி மருமகன் கொண்டுவந்து கொடுத்தது.

நல்ல காலத்து ரீமுக்கு ஆதரவாக இருப்பது சுகம். ஆனால் பரமட்டா 1981, 82, 83, பிறகு 86 இல் கிண்ணம் எடுத்ததோடு சரி. 2001 இல் நியூகாசிலிடம் 30–24, 2009 இல் மெல்பேர்னிடம் 23–16, 2022 இல் பென்ரித்திடம் 28–12 என்று மூன்று இறுதியாட்டங்களில் தோற்றுவிட்டார்கள். அதிலும் 2009 கிண்ணத்தை, வீரர்களின் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கிற உச்சவரம்பை மீறியதற்காக அடுத்த வருசமே மெல்பேர்னிடமிருந்து பறித்தார்கள், ஆனால் பரமட்டாவுக்குக் கொடுக்கவில்லை. இந்தக் கதையை அந்தக் கடையில் யாராவது தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும், சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். கண்டியிலும் கொழும்பிலும் பள்ளிக்கூடங்கள் விளையாடுவது றக்பி யூனியன், 15 பேர். இது லீக், 13 பேர். வேலைநாளில் விளையாடப் போகிற தொழிலாளிகளுக்கு இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு 1895 இல் இங்கிலாந்தின் வடக்கு மாவட்டக் கழகங்கள் பிரிந்து போனதில் இருந்து வந்த விளையாட்டு. பந்தோடு ஓடுகிற பக்கத்துக்கு ஆறு முறை பிடிபடத்தான் அனுமதி, ஆறாவதோடு பந்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை பிடிபட்ட பிறகும் எதிர்ப்பக்கம் 10 மீற்றர் பின்னுக்குப் போய் வரிசை கட்டி நிற்கும். அங்கே வருகிற ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் புதிய ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துகிற விதமே தனி: "தம்பி, கிளித்தட்டு மறிச்சிருக்கிறியோ? ஒருத்தன் கோட்டை விட்டு முன்னுக்குப் போனான் எண்டால் அவனுக்குப் பின்னால ஓட்டை. இதுவும் அதுதான்." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, கடையின் முக்கியமான பொருளுக்கு வருகிறேன். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. பழைய பிளைவுட்டுக்குக் கரும்பலகைப் பெயின்ற் அடித்து, அதில் 13 ஆணி அடித்திருக்கிறார் அண்ணை. ஆணிகளை ரீம் மைதானத்தில் நிற்கிற ஒழுங்கில் அடித்திருக்கிறார், பின்னால் தனியாக 1, இரண்டு ஓரத்திலும் 2 உம் 5 உம், நடுவில் 6, 7, முன்னால் 8, 9, 10 என்று. கீழே மாற்று ஆட்களுக்கு இன்னொரு வரி ஆணி. பிஸ்கற் பெட்டி மட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, மூலையில் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வீரரின் பெயர் தமிழில். எழுத்து அண்ணையின் மகளுடையது, அழகான உருண்டை எழுத்து. ரீமை விட்டுப் போனவர்களின் மட்டைகளை எறிவதில்லை, தட்டில் ஒரு ரொஃபிப் போத்தலுக்குள் கிடக்கின்றன. டிலன் பிறவுணின் மட்டை இப்போது அங்கேதான். ஓரமெல்லாம் எண்ணெய் பிடித்துப் பழுப்பாகிவிட்டது, அவ்வளவு தரம் கைமாறிய மட்டை.

யாரும் எழும்பிப் போய் மட்டையை மாற்றலாம். ஆனால் இரண்டு சட்டம். ஒருவரைக் கழற்றினால் அந்த ஆணியில் யாரை மாட்டப் போகிறீர்கள் என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். மற்றது, ரீமில் இல்லாத ஆளின் பெயரைச் சொல்லக் கூடாது, இவரை வாங்கியிருக்கலாம் அவரை வாங்கியிருக்கலாம் என்ற கதைக்கெல்லாம் இடமில்லை. இது கண்டிப்பான சட்டம், காரணமும் இருக்கிறது. லீக்கில் எல்லாக் கழகத்துக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு, விரும்பினபடி ஆள் சேர்க்க முடியாது, 2016 இல் அதை மீறித்தான் பரமட்டாவுக்கே 12 புள்ளி வெட்டினார்கள். ஆகவே கையில் இருக்கிறவர்களை வைத்துத்தான் கதைக்க வேண்டும். இந்த இரண்டு சட்டத்தாலும் கடையில் நடக்கிற சண்டையின் தரமே வேறு. கிரிக்கெட் பற்றி எங்கள் ஊரில் நடக்கிற விவாதங்களில் பாதி, "உவன் சரியில்லை, தூக்கு" என்பதோடு முடிந்துவிடும். இங்கே அப்படி முடிக்க விடமாட்டார்கள். "உவரை எடுத்துப்போட்டு ஆரை விடப்போறாய்?" என்று நாலு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும்.

போக வேண்டிய நாள் செவ்வாய். ஒவ்வொரு வாரமும் சிட்னி நேரம் செவ்வாய் பின்னேரம் 4 மணிக்கு எல்லா ரீமின் பட்டியலும் வரும். மார்ச்சில் எங்களுக்கு அது காலை 10.30, ஏப்ரல் முதல் ஞாயிறோடு அவர்கள் மணிக்கூட்டை மாற்றிய பிறகு 11.30. அண்ணை போனைப் பார்த்து 1 இலிருந்து உரக்க வாசிப்பார், யாராவது ஒருவர் பலகையில் மட்டைகளைத் திருத்துவார், கடை ஒரு நிமிடம் அமைதியாக இருக்கும், பிறகு தொடங்கும் பாருங்கள். டூன்காபி மருமகனின் குரல் செய்தியும் அந்த நேரத்துக்கு வந்துவிடும், ஸ்பீக்கரில் போடுவார்கள், அவனுக்கும் இங்கிருந்து பதில் போகும். அவன் ஸ்ரேடியத்தில் நேரே பார்க்கிறவன் என்பதற்காக யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. சீசன் தொடங்குமுன் பெப்ரவரியில் சண்டை இன்னும் கூட, ஏனென்றால் அப்போது பட்டியலே கிடையாது, பலகை முழுக்கத் திறந்த வெளி.

இந்த முறை, 2026 சீசனுக்கு, பெரிய சண்டை 9 ஆம் ஆணியில்தான். லீக்கில் பிடிபட்டவர் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளியதும் பெரும்பாலும் அதை எடுத்துக் கொடுப்பவர் 9, ஹூக்கர். ரீமில் பந்தை அவரை விடக் கூடுதலாகத் தொடுகிறவர் யாரும் இல்லை. அவர் அரை வினாடி பிந்தினால் ஆட்டத்தை நடத்துகிற 7 க்கு வருகிற பந்து பிந்தும், முழு ரீமும் பிந்தும். போன வருசம் அந்த இடத்தில் வளர்ந்தவர் றைலி சிமித், 2025 இல்தான் முதல் ஆட்டம், மறிப்பில் சளைக்காத பொடியன். அதே வருச நடுவில் வெஸ்ற்ஸ் ரைகர்ஸிலிருந்து ரலின் டா சில்வா வந்தார். அங்கே அப்பி கொறொயிசாவ் இருக்கிறவரைக்கும் அவருக்கு 9 கிடைக்கப் போவதில்லை, ஆகவே வந்தார். இவர் குனிந்து பந்தை எடுத்தால் கொடுப்பாரா ஓடுவாரா என்று எதிராளிக்குத் தெரியாது.

பல்கலைக்கழகத்து மாணவி ஒருவர், டா சில்வா கட்சி, அவர் கதைத்ததை நான் மறக்கமாட்டேன். எழும்பிப் போய் சிமித்தின் மட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பரமட்டாவுக்குக் குறை மறிப்பில் இல்லை, நடுவில் பயம் காட்ட ஆள் இல்லாததுதான், எதிர் முன்வரிசை 9 ஐப் பார்த்துக்கொண்டு நின்றால்தான் வெளியே 7 இல் நிற்கிற மிச்சல் மோசஸுக்கு இடம் கிடைக்கும், அதற்கு ஓடுகிற 9 வேண்டும் என்று நிறுத்தாமல் சொல்லி முடித்தார். மாஸ்ரர் அதற்கு, "சரி பிள்ளை, எண்பது நிமிசமும் உந்தப் பொடியன் நடுவில நிண்டு மறிப்பானோ, அதைச் சொல்லு" என்று கேட்டார். பதில் வர முன்னமே மூன்று பேர் சேர்ந்து கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். மட்டை மாணவியின் கையில்தான் இருந்தது.

என் கருத்து, சிமித் தொடங்க வேண்டும், முதல் 25 நிமிடம் எதிர் முன்வரிசையின் மூச்சு வாங்கும் வரை அடிபட்டு மறித்துவிட்டு, பிறகு டா சில்வா வர வேண்டும். 2016 இலிருந்து ஓர் ஆட்டத்துக்கு ஆள்மாற்றம் எட்டுத்தான், பெரிய உடம்புக்காரர்கள் முன்னரைப் போல அடிக்கடி வெளியே போய் ஆறுதல் எடுக்க முடியாது, களைத்த காலுக்கு முன்னால்தான் ஓடுகிற 9 க்கு மதிப்பு. இரண்டு பேரையும் வைத்திருக்கிற ரீம் ஒருவரை மட்டும் நம்பத் தேவையில்லை. இதை நான் பலகைக்கு முன்னால் நின்றும் சொன்னேன், பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள், மாணவி ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது 6 ஆம் ஆணி, 7 க்குத் துணையாக ஆட்டத்தை நடத்துகிறவரின் இடம். டிலன் பிறவுண் நியூகாசிலோடு பத்து வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்துக்கு மெல்பேர்னில் இருந்து வந்திருப்பவர் ஜோனா பெசெட், ஆனால் ஒரே ஒரு வருசத்துக்குத்தான், அடுத்த வருசம் பிறிஸ்பேன். இது கடையை இரண்டாகப் பிளந்த விசயம். "ஒரு வருசத்துக்கு வாற பொடியனுக்கு 6 ஐக் குடுத்து என்ன பிரயோசனம், எங்கட ஜோவாஷ் பபாலியை விட்டுப் பழக்கினால் அவன் பத்து வருசம் நிப்பான்" என்பது ஒரு கட்சி. முச்சக்கரவண்டி ஓட்டுகிற ஒரு தம்பி இதைச் சொல்லும்போது அவருக்குக் குரலே மாறிவிடும். நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது, வளர்த்துவிட்ட ஆளைப் பறிகொடுத்த சூடு இன்னும் ஆறவில்லை.

ஆனால் நான் பெசெட் கட்சி. மோசஸின் உடம்பைப் பாருங்கள். 2025 தொடங்கும்போது கால் காயத்தோடு அவர் வெளியே, முதல் ஆட்டத்திலேயே மெல்பேர்னிடம் 56–18, ஜேசன் றைல்ஸ் பயிற்றுநராக வந்த முதல் நாளே அப்படி. 7 இல் நின்று ஆட்டத்தை நடத்தத் தெரிந்த இரண்டாவது ஆள் ரீமில் இல்லாததன் விலை அது. பெசெட் 6 இல் நின்றாலும் உள்ளுக்குள் 7, மோசஸ் விழுந்தால் அந்த இடத்துக்குப் போவார், அப்போது பபாலி 6 க்கு வரலாம், பழகவும் செய்யலாம். 1986 இலிருந்து காத்திருக்கிற சனத்திடம் போய் இன்னும் பத்து வருசம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸக் லோமக்ஸ் போனதால் ஓரத்தில் ஓர் ஆணி வெறுமையாக இருக்கிறது. மற்ற ஓரத்தில் ஜோஷ் அடோ-கார் நிற்கிறார், அதில் விவாதமில்லை. 1 இல் ஐசாயா இயோங்கி, அதிலும் இல்லை. இந்த ஓரத்துக்கு ஷோன் றஸ்ஸல் என்று கூடுதலானோர் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி சாப்பாடு. தேத்தண்ணி மிக நல்லது, பால் தேத்தண்ணியை நன்றாக ஆற்றி நுரையோடு தருவார்கள், சீனி குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். இஞ்சி போட்ட வெறும் தேத்தண்ணிதான் என் தெரிவு, இஞ்சியைத் தூளாக இல்லாமல் தட்டிப் போடுகிறார்கள், தொண்டையில் தெரியும். மீன் றோல்ஸ் பத்தரைக்குச் சட்டியிலிருந்து வரும், மார்ச் மாதத்தில் பட்டியலும் அதே நேரம் வருவதால் ஒரு கையில் றோல்ஸ், மறு கையில் மட்டை என்று எல்லோரும் நிற்பார்கள், மட்டைகளில் எண்ணெய் பிடித்ததும் இதனால்தான். உள்ளே மீனும் கிழங்கும் சரியளவு, மிளகு தூக்கல், வெளித்தோல் மொறுமொறுப்பு. ஏப்ரலுக்குப் பிறகு பட்டியல் வரும் நேரத்தில் றோல்ஸ் முடிந்துவிடும், முதலே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கடலை வடை பரவாயில்லை. வாய்ப்பன் காலையில் நல்லது, மதியத்தில் இறுகிவிடும், வாங்காதீர்கள். பின்னேரங்களில் கொத்து போடுகிறார்கள், ஆட்டுக்கொத்து காரசாரமாக நன்றாகவே இருக்கும், ஆனால் சத்தத்தில் வர்ணனை கேட்காது, ஆட்டம் நடக்கும்போது கொத்து அடிப்பதை அண்ணை நிறுத்தி வைக்கலாம் என்பது என் வேண்டுகோள். விலை நகரத்துக் கடைகளை விடக் குறைவு. ஒரு தேத்தண்ணியோடு எவ்வளவு நேரம் இருந்தாலும் எழும்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனாலும் இரண்டாவது ஒன்று வாங்குங்கள், அவரும் வியாபாரம் செய்ய வேண்டும்.

ஆட்ட நாட்களைப் பற்றி எனக்குக் குறை உண்டு. ரீவியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வாசலைப் பார்த்தபடி வைத்திருக்கிறார்கள். சிட்னியில் வெள்ளி இரவு 8 மணி ஆட்டம் எங்களுக்கு மார்ச்சில் இரண்டரை, பிறகு மூன்றரை, சரியாக மேற்கு வெயில் திரையில் விழுகிற நேரம், பந்து எங்கே என்றே தெரியாது. ஒரு சாக்குத் துணியையாவது வாசலில் கட்டுங்கள் என்று பல பேர் சொல்லியாகிவிட்டது. இணைய இணைப்பும் சில நாள் கழுத்தறுக்கும், நல்ல நேரத்தில் படம் உறைந்து நிற்கும், திரும்பி வரும்போது ட்ரை (பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) போட்டு முடிந்து கோலுக்கு உதைத்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, இலங்கை கிரிக்கெட் ஆட்டம் உள்ள நாளில் ரீவி அதற்குத்தான், கடைக்கு வருகிற மற்றவர்களையும் பார்க்க வேண்டும் என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை, போகுமுன் கேட்டுக்கொண்டு போங்கள். ஞாயிறு மத்தியான ஆட்டம்தான் வசதி, சிட்னியில் 4.05 க்குத் தொடங்குவது இங்கே 10.35 அல்லது 11.35, வெயில் வாசலுக்கு வராது, இணைப்பும் அந்த நேரம் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். இறுதியாட்டம் ஒக்டோபரில், எங்களுக்குப் பின்னேரம் 2 மணி, அன்றைக்கு இடம் வேண்டுமென்றால் நேரத்துக்குப் போய்க் கதிரை பிடிக்க வேண்டும்.

பெண்கள் போகலாமா என்று என் மச்சாள் கேட்டார். தாராளமாகப் போகலாம். பின்பக்கத்துக்குத் தனி வழி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, மாணவிகள் குழுவாக வருகிறார்கள். ஆட்களின் வாயும் நல்லது, ரீமைத் திட்டுவார்கள், ஒருவரையொருவர் திட்டமாட்டார்கள். மாஸ்ரர் இருக்கும்போது தூசணம் வராது. மற்ற ரீம் ஆதரவாளர்களும் வருகிறார்கள், பென்ரித் சட்டை போட்ட ஒரு பொடியன் ஒவ்வொரு செவ்வாயும் வந்து பரமட்டாவின் பலகையில் திருத்தம் சொல்லுவான், அதையும் கேட்கிறார்கள், ஏனென்றால் எதிராளி எங்கே அடிப்பான் என்று அவனுக்குத்தான் தெரியும்.

விளையாட்டே தெரியாதவர்கள் ஆட்ட நாளில் முதலில் போகாமல் செவ்வாயில் போங்கள். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே எந்த இலக்கம் என்ன வேலை செய்கிறது என்று அரை மணித்தியாலத்தில் பிடிபட்டுவிடும், பிறகு ஆட்டத்தைப் பார்த்தால் கண் தானாகவே 9 ஐயும் 7 ஐயும் தேடும். மோட்டார் சைக்கிள் நிறுத்த ஒழுங்கையில் மதிலோரம் இடம் இருக்கிறது, கார் கொண்டுபோனால் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். கடை காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை, திங்கட்கிழமை பூட்டு. புதிய சீசனுக்கு மட்டைகள் எழுதி முடிந்துவிட்டன, 9 ஆம் ஆணியில் இப்போதைக்கு இரண்டு மட்டை ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்குகிறது, முதல் பட்டியல் வருமுன் உங்கள் கட்சியைச் சொல்ல வேண்டுமென்றால் இந்தச் செவ்வாயே போங்கள்.